தோற்றுக்கொண்டே இருக்கும் கூடைப்பந்து அணியைத் தூக்கி நிறுத்துவது எப்படி?

தொடர்ந்து தோற்கும் ஓர் அணியின் பொறுப்பை ஏற்பவர், யாரை அழைத்து வரலாம் என்று தேடத் தொடங்கும் முன்பு, தம்மிடம் உள்ள சிறந்த மூன்று வீரர்களின் வயதை ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். மூவரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தால் காத்திருப்பதற்குப் பொருள் உண்டு. முப்பதைத் தாண்டியவர்கள் என்றால், அவர்களுக்கு நல்ல விலை இருக்கும்போதே விட்டுக்கொடுத்து, பதிலுக்கு இளையவர்களைப் பெறுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மதுரையில் நாங்கள் நடத்தும் சிறிய கிளப்புக்காக, ஒரு தொடரை எப்படியாவது வென்றுவிட வேண்டுமென்று வெளியூரிலிருந்து மூன்று கெஸ்ட் பிளேயர்களை அழைத்து வந்தோம். கோப்பை கிடைத்தது. ஆனால் ஆண்டு முழுவதும் விடியற்காலையில் பயிற்சிக்கு வந்த எங்கள் பையன்கள் நான்கு நாட்களும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் இருவர் அடுத்த ஆண்டு பந்தைத் தொடவே இல்லை. அந்த இழப்பு இன்றும் என்னை வருத்துகிறது.

இதே தவறு அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் பெரிய அளவில் நடந்தது. 2013இல் புரூக்ளின் நெட்ஸ், உடனடி வெற்றிக்கு ஆசைப்பட்டு, 37 வயது கெவின் கார்னெட்டையும் 35 வயது பால் பியர்ஸையும் பாஸ்டன் செல்டிக்ஸிடமிருந்து பெற்றது. அதற்கு விலையாக 2014, 2016, 2018 ஆகிய ஆண்டுகளின் முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளையும், 2017இல் தேர்வு வரிசையில் இரு அணிகளின் இடங்களை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்தது. டிராஃப்ட் என்பது அணிகள் ஆண்டுதோறும் புதிய இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறை; அதிகம் தோற்ற அணிக்கு வரிசையில் முன்னிடம் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். கிடைத்தது, கோப்பைக்கான இறுதிக்கட்டமான பிளேஆஃப்பில் ஒரே ஒரு சுற்று வெற்றி. அடுத்த ஆண்டே பியர்ஸ் வேறு அணிக்குப் போய்விட்டார். 2016-17இல் நெட்ஸ் 82 ஆட்டங்களில் 20இல் மட்டுமே வென்றது. அவ்வளவு தோற்றதற்குக் கிடைத்திருக்க வேண்டிய டிராஃப்ட்டின் முதல் இடமும் பாஸ்டனுக்கே போனது. அந்த வாய்ப்புகளின் வழியாக வந்த ஜேலன் பிரவுனும் ஜேசன் டேட்டமும் 2024இல் பாஸ்டனுக்குக் கோப்பை வாங்கித் தந்தார்கள். ஆகவே, நாளைய வாய்ப்பை இன்றைய ஆட்டத்துக்காக அடகு வைக்கும் முன், மீட்க முடியாமல் போனால் என்ன செய்வோம் என்ற கேள்விக்கு விடை சொல்லிப் பாருங்கள்.

அதற்காகத் தோற்றுக்கொண்டே உட்கார்ந்திருப்பதைப் பொறுமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபிலடெல்ஃபியா அணி 2013 முதல் 2016 வரை மூன்று பருவங்களில் 246 ஆட்டங்களில் 47இல் மட்டுமே வென்று, உயர்ந்த டிராஃப்ட் இடங்களைச் சேர்த்தது. ஜோயல் எம்பீட் கிடைத்தார், அவர் 2023இல் சிறந்த வீரர் விருதும் பெற்றார். ஆயினும் 2025 வரை அந்த அணி பிளேஆஃப்பின் இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. தோல்வியே பழக்கமாகிவிட்ட அறையில் இளைஞர்கள் ஆட்டத்தைக் கற்பது கடினம் என்றே நான் நினைக்கிறேன். மேலும், 2019 முதல் கடைசி மூன்று இடங்களில் உள்ள அணிகளுக்கு டிராஃப்ட்டில் முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு தலா 14 சதவீதம்தான் என்பதால், வேண்டுமென்றே தோற்பதில் முன்பிருந்த ஆதாயமும் இல்லை.

பின்பற்றத் தக்க வழியை ஓக்லஹோமா சிட்டி அணியிடம் பார்க்கலாம். 2019இல் தம் நட்சத்திரம் பால் ஜார்ஜைக் கொடுத்து, ஒரே ஒரு பருவம் ஆடியிருந்த ஷே கில்ஜியஸ் அலெக்ஸாண்டரையும் பல முதல் சுற்று வாய்ப்புகளையும் பெற்றார்கள். 2021 டிசம்பரில் மெம்ஃபிஸிடம் 73 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். என்பிஏ வரலாற்றிலேயே அதுதான் மிகப்பெரிய தோல்வி. அப்போதும் பயிற்சியாளர் மார்க் டெய்க்னால்ட்டை மாற்றவில்லை. அந்தப் பருவத்தில் 24 வெற்றிகள், அடுத்ததில் 40, பிறகு 57. அணி இவ்வாறு உருவான பின்னர்தான், 2024இல், அனுபவமுள்ள அலெக்ஸ் கரூசோவையும் ஹார்டன்ஸ்டைனையும் சேர்த்தார்கள். 2025இல் 68 வெற்றிகளுடன் கோப்பையையும் வென்றார்கள். நெட்ஸ் முதலில் செய்ததை இவர்கள் கடைசியில் செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நம் ஊர்க் கிளப்புகளுக்கு டிராஃப்ட் கிடையாது. பள்ளி மைதானமும் கல்லூரி மைதானமும்தான் உண்டு. எனவே பருவம் தொடங்கும் முன்பே, பத்தொன்பது வயதுக்குட்பட்ட ஒவ்வொருவரும் ஓர் ஆட்டத்தில் குறைந்தது எத்தனை நிமிடம் களத்தில் இருப்பார் என்று எழுதி வைத்துவிடுங்கள். முடிவு எப்படி இருந்தாலும் அந்த எண்ணை மாற்றாதீர்கள். பயிற்சியாளருக்கு மூன்றாண்டுக் காலம் கொடுங்கள். இடையில் கேட்க வேண்டியது கோப்பைக் கணக்கை அல்ல, பந்தைப் பறிகொடுப்பது குறைகிறதா, ஃப்ரீ த்ரோவில் கூடையில் விழும் எண்ணிக்கை உயர்கிறதா என்பதையே. பணம் தரும் புரவலரிடமும் இந்தத் திட்டத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பாதியில் சொன்னால் அது சாக்காகவே தோன்றும்.

கெஸ்ட் பிளேயரை அழைத்தே ஆக வேண்டுமென்றால், ஒருவரை மட்டும் அழையுங்கள். அவரைத் தொடருக்குப் பத்து நாட்கள் முன்னதாகவே வரவழைத்து, காலை ஆறு மணிப் பயிற்சியில் உங்கள் பையன்களோடு சேர்ந்து ஓடச் சொல்லுங்கள்.