தனியா கிடக்குற நாள்ல மனசை எப்படிப் பாத்துக்கிடுறது

நம்ம பக்கம் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்து வீட்டுல இருந்து கொழம்போ பணியாரமோ வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் குடுக்க மாட்டாங்க, கழுவித் தொடைச்சு ஒரு கை சீனியாவது போட்டுத்தான் குடுப்பாங்க. தனியா அடைஞ்சு கிடக்குறவங்களுக்கு நான் சொல்ல வர்ற வழி இதுதான். எப்படின்னு சொல்லுதேன்.

2021 மே மாசம் எனக்கு கொரோனா. திருநெல்வேலி டவுன்ல எங்க வளவுல எட்டு வீடு, நடுவுல பொது முற்றம், நான் மட்டும் மச்சியில, அதாவது மாடி ரூம்ல, 14 நாள். கீழ எல்லாரும் பேசுற சத்தம் கேக்கும், தாளிக்கிற வாசனை வரும் (எனக்கு வாசனை தெரியாமப் போனது அஞ்சாம் நாள்தான்), ஆனா ஒருத்தர் முகத்தையும் கிட்டத்துல பாக்க முடியாது. அப்ப கத்துக்கிட்டதைத்தான் எழுதுறேன். பிரசவம் முடிஞ்சு ரூம்ல இருக்குறவங்க, கால் ஒடிஞ்சு படுத்துருக்குறவங்க, பிள்ளைங்க எல்லாம் வெளியூர் போயி ஊர்ல ஒத்தையில இருக்குற அப்பா அம்மா, எல்லாருக்கும் இது ஆகும்னு நெனைக்கிறேன்.

மொத மூணு நாலு நாள் எதையும் சாதிக்க நெனைக்காதீங்க. கஞ்சி குடிங்க, தூங்குங்க, அழுகை வந்தா அழுங்க. இந்த நேரத்துல ஒரு பாஷை கத்துக்கிடுவோம், பத்து புக் படிப்போம்னு ஒரு வேகம் வரும், அது முடியலைன்னதும் நம்ம மேலயே கோவம் வரும், அது தேவையே இல்ல. நம்ம வ.உ.சி. 1908-லருந்து 1912 வரைக்கும் ஜெயில்ல இருந்தாரு, கோயம்புத்தூர்ல செக்கு இழுத்தாரு, அந்த நிலைமையிலயும் உள்ள இருந்துக்கிட்டே இங்கிலீஷ் புக்கைத் தமிழ்ப்படுத்துனாரு, பாட்டு எழுதுனாரு. நெனைச்சாலே எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனா அவரு அளவுக்கு நம்மால முடியலையேன்னு குறுகிப் போகாதீங்க, உடம்பு முடியாம கிடக்குற நேரத்துல முகம் கழுவி வேற துணி மாத்துறதே பெரிய வேலைதான்.

அதுக்கப்புறம் நாளுக்கு ஒரு ஒழுங்கு வேணும், இல்லைன்னா காலையும் சாயங்காலமும் ஒண்ணாக் கொழஞ்சு போயிரும். மனசு சரியானதும் வேலை செய்வோம்னு காத்திருக்காதீங்க, சின்னதா ஒரு வேலையை ஆரம்பிங்க, மனசு பின்னாடியே வரும்னு மனநல டாக்டர்கள் சொல்லுவாங்க, அது உண்மைதான். நான் காலையில ஜன்னல் தொறந்து பத்து நிமிஷம் வெயில்ல நிப்பேன், சாப்பிட்ட பாத்திரத்தை நானே கழுவி வரிசையா காய வைப்பேன், பதினோரு மணிக்கு போன். அவ்வளவுதான் டைம் டேபிள்.

அந்த பதினோரு மணி போன்தான் என்னைக் காப்பாத்துச்சு.

கீழ் வீட்டு ஆச்சிக்கு எழுபது வயசுக்கு மேல, கண் ஆபரேஷன் பண்ணியிருந்தாங்க, பேப்பர் வாசிக்க முடியாது. தினமும் எனக்கு ரசமும் பருப்புத் தொவையலும் தூக்குச்சட்டியில வச்சு படியில வச்சுட்டுப் போவாங்க. ஆறாம் நாள் எனக்கு ரொம்ப சங்கடமாயிட்டு, எல்லாருக்கும் பாரமாக் கிடக்குதேனேன்னு. போன் போட்டு "ஆச்சி, நான் பேப்பர் வாசிக்கட்டா, கேக்குறியளா?"ன்னு கேட்டேன். "வாசிளா, மொதல்ல ஊர்ச் செய்தியை வாசி, சாவுச் செய்தியை விட்டுரு"ன்னாங்க. போன்லயே ஈ-பேப்பர் பாத்து அரை மணி நேரம் வாசிச்சேன். இருமல் வந்தா நிறுத்துவேன், ஆச்சி காத்திருப்பாங்க. மறுநாள் பத்தே முக்காலுக்கே நான் எந்திச்சு உக்காந்துட்டேன், எனக்காக ஒருத்தங்க காத்திருக்காங்கன்னு ஒரு நெனப்பு. வாசிச்சு முடிச்சதும் அவங்க சொதிக்குத் தேங்காப்பால் எப்படி மூணு தடவை எடுக்கணும், மொதப் பாலைக் கடைசியில ஊத்தி ஏன் கொதிக்க விடக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. கொதிச்சா திரிஞ்சு போயிருமாம். இருபது வருஷமா சொதி சாப்பிடுதேன், அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அதனால வாங்கிக்கிட்டே இருக்காதீங்க, படுத்த இடத்துல இருந்து உங்களால குடுக்க முடிஞ்ச ஒண்ணைத் தேடுங்க. பக்கத்து வீட்டுப் பையனுக்கு வாய்ப்பாடு கேக்கலாம், யாருக்காவது கரண்ட் பில் ஆன்லைன்ல கட்டிக் குடுக்கலாம், பழைய போட்டோவுல இருக்குறவங்க யாரு எவருன்னு அத்தைகிட்ட கேட்டு எழுதி வைக்கலாம். தினமும் ஒரே நேரத்துல செய்யணும், அதுதான் முக்கியம்.

இனி வெளிய இருந்து உதவுறவங்களுக்கு. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க"ன்னு கேக்காதீங்க, நம்ம ஆளுங்க கூச்சப்பட்டுக்கிட்டு சொல்லவே மாட்டாங்க. "நாளைக்கு இட்லி கொண்டு வாரேன், நாலு போதுமா அஞ்சா?"ன்னு கேளுங்க, பதில் வந்துரும். "தைரியமா இருங்க"ங்குறதை விட "நேத்து ராத்திரி தூங்குனியளா?"ங்குறது எவ்வளவோ மேல். அவங்ககிட்ட நீங்களும் ஏதாவது கேளுங்க, ஒரு கைப்பக்குவமோ ஒரு யோசனையோ.

போனே இல்லைன்னா என்ன செய்யுறதுன்னு 2023 டிசம்பர் 17, 18-ல பாத்தோம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை, தாமிரபரணி கரை மீறிப் போயிட்டு, எத்தனையோ ஊரு தீவாயிட்டு, கரண்டும் இல்ல டவரும் இல்ல. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோட நின்னு போச்சு, பக்கத்துல புதுக்குடி ஊர்க்காரங்கதான் தாங்களும் வெள்ளத்துல மாட்டியிருந்த நேரத்துல சமைச்சு சோறு போட்டாங்க. அதுக்கப்புறம் எங்க வளவுல ஒரு நோட்டு வச்சிருக்கோம். தெருவுல யாரு ஒத்தையில இருக்காங்க, யாருக்கு சுகர் மாத்திரை, யாருக்கு பிரஷர் மாத்திரை, பிள்ளைங்க நம்பர், எல்லாம் பேனாவால எழுதி. நீங்களும் மழைக்கு முன்னாடியே எழுதி வைங்க, போன்ல மட்டும் இருந்தா சார்ஜ் போனதும் அதுவும் போயிரும்.

ஒண்ணு மட்டும் கவனமா இருங்க. ரெண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்ல, சாப்பாடு இறங்கல, எதுலயும் பிடிப்பில்லன்னா, இல்ல செத்துரலாம்னு ஒரு நெனப்பு ஒரு தடவை வந்தாக்கூட, பேப்பர் வாசிக்கிறதோ சொதியோ அதுக்கு மருந்தில்ல. 14416-க்கு போன் பண்ணுங்க, டெலிமானஸ், அரசாங்கத்தோடது, காசு கிடையாது, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். நேர்ல போகணும்னா எங்க திருநெல்வேலியில ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. வெக்கப்பட ஒண்ணுமில்ல.

14 நாள் முடிஞ்சப்ப என் ஜன்னல் மேடையில பதினோரு பாத்திரம் இருந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் பேரும் தேதியும் புள்ளி புள்ளியா வெட்டியிருக்கு, யாரோட கல்யாணச் சீர், யாரு வீட்டுப் பால் காய்ச்சுனப்ப வந்ததுன்னு. எந்த வீட்டுச் சோறை எந்த நாள் சாப்பிட்டேன்னு அதை வச்சே சொல்லிருவேன். எல்லாத்தையும் வெந்நியில கழுவி வெயில்ல காய வச்சு, பத்துல சீனி போட்டேன். ஆச்சி தூக்குச்சட்டியில மட்டும், நானே வச்ச சொதி. மூடியைத் தொறந்து மோந்து பாத்துட்டு, "இஞ்சி பத்தாதுளா"ன்னாங்க.