மலக்குடல் ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் நடக்கும் தவறுகள்

மலக்குடலின் அடியில் வந்த புற்றுநோயை எடுத்துவிட்டு, ஆசனவாயைக் காப்பாற்றிக் குடலை இணைக்கும்போது, இணைப்பு ஆறும்வரை பெரும்பாலும் சிறுகுடலை வயிற்றில் திறந்து, மலம் வந்து விழ வெளியே பை வைப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தவறு தண்ணீரில்தான் ஆரம்பிக்கிறது. பை சீக்கிரம் நிரம்புகிறதே என்று சிலர் குடிப்பதையே குறைப்பார்கள். சிலர் வெறும் தண்ணீர், இளநீர், பதநீர் என்று மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். பையில் போவது உப்பும்தான். இளநீரில் சோடியம் குறைவு; பதநீரின் இனிப்பு பையில் போவதைக் கூட்டும். சித்திரை வெயிலில் பையில் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போய், சிறுநீரும் குறைந்தால் சிறுநீரகம் அடிவாங்கும். ஓ.ஆர்.எஸ். கரைசல் குடித்துக்கொண்டே டாக்டரைப் பாருங்கள்.

பொங்கலுக்கு அவிக்கும் பனங்கிழங்கை, பை இருக்கும்வரை தொடாதீர்கள். நார் திரண்டு அடைத்துக்கொள்ளும். தேங்காய்ப்பாலில் செய்யும் சொதி சாப்பிடலாம், முருங்கைக்காய்ச் சக்கை மட்டும் வேண்டாம். பையில் எதுவும் வராமல் வயிறு முறுக்கி வாந்தியும் வந்தால் உடனே ஆஸ்பத்திரிதான்.

பை இருக்கும்போதே ஆசனவாயில் சளி மாதிரி வருவது சகஜம். காய்ச்சல், அடிவயிற்றிலோ வாலெலும்புப் பக்கமோ வலி, சீழ் என்றால் இணைப்பு கசிகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். பாரசிட்டமால் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

பையை எடுத்து வயிற்றுத் திறப்பை மூடியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைப்பவர்கள்தான் ரொம்ப உடைந்துபோகிறார்கள். மலம் சேர்ந்து நிற்கும் இடத்தையே எடுத்தாச்சே! போய்விட்டு வந்து உட்காருவதற்குள் மறுபடி முட்டும். காற்றா மலமா என்றே தெரியாது. கதிர்வீச்சும் வாங்கியவர்களுக்கு இன்னும் சிரமம். ஒன்றிரண்டு வருஷத்தில் படிப்படியாகக் குறையும், சிலருக்கு முழுதாகப் போகாது. "அண்ணாச்சி, கல்யாணத்துக்கு வெறும் வயித்தோட வந்திருங்க" என்பார்கள். அன்றைக்கு பஸ்ஸில் தப்பிக்கலாம், ஆனால் அதுவே வழக்கமானால் உடம்பு தேறாது. கொஞ்சம் கொஞ்சமாக, நேரத்துக்குச் சாப்பிடுங்கள். டாக்டர் சொன்ன அளவில், மலம் போவதைக் குறைக்கும் லோபரமைடு மாத்திரையை சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடலாம். இடுப்புத் தசைப் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். தோல் புண்ணானால் தேய்க்காமல் தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுத்து, ஜிங்க் களிம்பு தடவுங்கள்.

மலம் பென்சில் மாதிரி மெலிந்து, முக்கினால்தான் வருகிறதா? இணைப்பு சுருங்கியிருக்கலாம். பேதி மாத்திரையும் வேண்டாம், வீட்டு எனிமாவும் வேண்டாம். எனிமாக் குழாய் இணைப்பையே குத்திவிடலாம். டாக்டர் விரல் விட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் விரித்துவிடுவார்.

சிறுநீர் சரியாகப் பிரியாததையும் ஆண்குறி விறைக்காததையும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இரண்டும் இடுப்பு நரம்பு அடிபட்டதால் வரக்கூடியவை, இரண்டுக்கும் வைத்தியம் உண்டு. மகனையோ மருமகளையோ வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டரிடம் தனியாகப் பேசுங்கள்.