பதித்த காந்தங்களால் கையசைவின் உணர்வை மீட்கும் முறை

கண்ணை மூடியிருக்கும்போதும் முழங்கை எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதை நமக்குத் தெரிவிப்பவை, தசைக்குள் இருக்கும் தசைக்கதிர்கள் என்னும் நுண்ணிய உணர்விகளே. கையை இழந்தவரின் எஞ்சிய தசையிலும் அவை இருப்பதால், அவற்றைத் தூண்டுவதே இம்முறையின் நோக்கம். இது இன்னும் ஆய்வு நிலையில் உள்ளது. உரிய அனுமதி பெற்ற மருத்துவக் குழு மட்டுமே மேற்கொள்ளத்தக்கது.

முதலில், விருப்பப்படி சுருங்கும் தசைகளைக் கண்டறிந்து, உடல் ஏற்கும் பூச்சிட்ட சில மில்லிமீட்டர் அளவுள்ள காந்தங்களை அவற்றில் பதிக்க வேண்டும். நெருங்கிய காந்தங்கள் ஒன்றையொன்று இழுத்து இடம்பெயரும் என்பதால், இடைவெளியில் சமரசமே கூடாது.

காயம் ஆறியபின், தோலுக்கு வெளியே வைத்த கம்பிச்சுருள்களில் மாறுமின்னோட்டம் செலுத்தி, காந்தத்தை ஏறத்தாழ 90 ஹெர்ட்ஸில் அதிரச் செய்ய வேண்டும். 1972இல் குட்வின், மெக்லாஸ்கி, மேத்யூஸ் ஆகிய ஆய்வாளர்கள் காட்டியபடி, அதிரும் தசை நீள்வதாகவே மூளை எடுத்துக்கொள்ளும். மேற்கையின் இருதலைத் தசை அதிர்ந்தால் முழங்கை நீள்வதாகத் தோன்றும். எனவே விரல் மடங்கும் உணர்வு வேண்டுமெனில், விரலை நீட்டும் தசையையே அதிரவைக்க வேண்டும். இங்கேதான் தவறு நேர்வது எளிது.

பயனாளர் கண்ணை மூடியபடி, தாம் உணரும் அசைவை மறு கையால் செய்துகாட்டட்டும். வெறும் நடுக்கம் மட்டுமே தெரிந்தால், அதிர்வெண்ணையும் சுருளின் திசையையும் சிறிது சிறிதாக மாற்றிப் பார்க்க வேண்டும். காந்தம் உடலில் இருப்பதை எம்ஆர்ஐ பிரிவினரிடம் ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே தெரிவிப்பது கட்டாயம்.