லெவலைத் துண்டு போட்டு வாங்கும் ஹவுஸ் ரூல்: எங்கே சறுக்குகிறது?

கேரக்டர்களாக நடித்துப் பகடை உருட்டும் மேசை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை (டி அண்ட் டி) தொடர்ந்து ஆடுகிற குழு எதுவானாலும் ஒரு கட்டத்தில் இந்தப் பேச்சு எழும்: லெவல் ஏறும்போது எல்லாம் ஒரே மூட்டையாக வருகிறதே, வேண்டியதை மட்டும் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) கொடுத்து வாங்கிக்கொண்டால் என்ன? ஆசை நியாயமானதுதான். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஃபைட்டர் (போர்வீரர் வகுப்பு) மூன்றாம் லெவலில் துணைப்பிரிவைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அதற்கு மேல் இருபதாம் லெவல் வரை வரப்போவதில் பெரும்பகுதி அப்போதே முடிவாகிவிடுகிறது. கதையில் அந்தக் கேரக்டர் ஆறு மாதம் கப்பலில் கிடந்து கடலைக் கற்றிருக்கலாம். லெவல் ஏறியதும் கிடைப்பது என்னவோ புத்தகத்தில் அச்சடித்ததுதான்.

அதனால் பல டிஎம்கள் (ஆட்டத்தை நடத்துகிறவர்கள்) தங்கள் குழுவுக்கென்று ஒரு சொந்த விதி, அதாவது ஹவுஸ் ரூல், போடுகிறார்கள். நாலாம் லெவலுக்கு 2,700 எக்ஸ்பி, ஐந்தாம் லெவலுக்கு 6,500. நடுவில் இருப்பது 3,800. இந்த 3,800-ஐத் துண்டுகளாகப் பிரித்து, ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) ஒரு துண்டு, புதிய திறன் ஒரு துண்டு, புரொஃபிஷியன்ஸி போனஸ் (தேர்ச்சிக்காகப் பகடையோடு கூட்டும் எண்) ஒரு துண்டு என்று விலை வைத்து, எந்த வரிசையில் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஹவுஸ் ரூல் இது. ஒவ்வொரு வாரமும் கையில் ஏதோ ஒன்று கிடைக்கிற சந்தோஷம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை லெவல் ஏறுவதில் இல்லை. ஆனால் ஒரு லெவலுக்குள் இருக்கிற அம்சங்கள் ஒன்றை ஒன்று நம்பி எழுதப்பட்டவை. அதைக் கவனிக்காமல் பிரிப்பதில்தான் பெரும்பாலான தவறுகளும் தொடங்குகின்றன.

முதல் தவறு, எல்லாத் துண்டுக்கும் ஒரே விலை வைப்பது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நாலாம் லெவல் ஃபைட்டர், வலிமை 16, கையில் கிரேட்ஸ்வோர்ட். எதிரியின் ஆர்மர் கிளாஸ், அதாவது அடி பட எட்ட வேண்டிய எண், 15. தாக்குதலுக்குக் கூட்டுவது வலிமைக்கு 3, புரொஃபிஷியன்ஸிக்கு 2, ஆக 5. இருபது முகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும், அதாவது 55 சதவீத வாய்ப்பு. பட்டால் சராசரி 10 டேமேஜ். கிரிட்டிக்கல் அடியை விட்டுவிட்டால் ஒரு டர்னுக்குச் சராசரி 5.5 வருகிறது. இப்போது ஐந்தாம் லெவல் துண்டுகளைக் கடையில் அடுக்குவோம். புரொஃபிஷியன்ஸி போனஸை வாங்கினால் வாய்ப்பு 60 சதவீதம், சராசரி 6. ஹிட் பாயிண்ட் துண்டை வாங்கினால், உடல்திறனுக்கு 2 கூட்டும் ஒருவருக்கு, 8 புள்ளி ஏறும். எக்ஸ்ட்ரா அட்டாக்கை வாங்கினால் ஒரு டர்னில் இரண்டு முறை வெட்டலாம்; 5.5 அப்படியே 11 ஆகிறது. மூன்றுக்கும் ஒரே விலை என்றால் எதை முதலில் வாங்குவார்கள் என்று கேட்கவே வேண்டாம். தேர்வுச் சுதந்திரம் கொடுப்பதற்காகப் போட்ட விதியில் எல்லா ஃபைட்டரும் ஒரே பொருளை ஒரே வரிசையில் வாங்குவார்கள். லெவலின் மூன்றில் ஒரு பங்கு விலையில் அவர்களுடைய தாக்குதல் இரட்டிப்பாகியிருக்கும்.

வகுப்புக்கு வகுப்பும் இது மாறும். அதே ஐந்தாம் லெவலில் ரோக் (திருட்டுக் கை தேர்ந்தவர்) வகுப்பின் ஸ்னீக் அட்டாக்கில், அதாவது பதுங்கி அடிக்கும் அடியில், ஓர் ஆறு முகப் பகடை கூடுகிறது, அதாவது சராசரி 3.5 டேமேஜ். கூடவே வரும் அன்கேனி டாட்ஜ் அடியைப் பாதியாகக் குறைக்கும், நல்ல திறன்தான். ஆனால் பக்கத்தில் இருக்கிற விசார்டுக்கு (மந்திரவாதி) மூன்றாம் நிலை மந்திரம் திறக்கிறது. அதில் ஒன்றான ஃபயர்பால் 20 அடி ஆரத்துக்குள் இருக்கும் எல்லோருக்கும் எட்டு ஆறு முகப் பகடை டேமேஜ், சராசரி 28. சாதாரண கோப்ளினுக்கு இருப்பது 7 ஹிட் பாயிண்ட். சேவிங் த்ரோ என்ற தற்காப்புப் பகடையில் தப்பித்துப் பாதி வாங்கினாலும் அநேகமாகச் சாவுதான். விசார்ட் இந்தத் துண்டை முதல் வாரமே வாங்கிவிட்டால், டிஎம் நாலாம் லெவல் குழுவுக்கென்று திட்டமிட்ட சண்டை ஒரே சுற்றில் முடிந்துபோகும். ரோக் ஆடுகிறவர் மூன்று வாரம் சும்மா உட்கார்ந்திருப்பார்.

இதைச் சரிசெய்ய எக்ஸெல் எடுத்து ஒவ்வொரு திறனுக்கும் துல்லியமான விலை கண்டுபிடிக்க இறங்குகிறவர்கள் உண்டு. முயற்சி பெரிது, பலன் குறைவு. ஒரு திறனின் மதிப்பு எதிரியைப் பொறுத்து, குழுவைப் பொறுத்து, டிஎம்மின் பாணியைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். விலையைவிட வரிசையைக் கட்டுவது எளிது: அந்த லெவலின் கனமான அம்சம் எதுவோ அது கடைசித் துண்டு. மற்றவை முன்பின்னாக வரலாம். 2013-ல் வெளிவந்த 13த் ஏஜ் என்ற இதே வகை ஆட்டம் இன்னும் லேசாக இதைக் கையாள்கிறது. அதில் முழு லெவல் ஏறும் வரை காத்திருக்காமல் அடுத்த லெவலின் ஏதாவது ஒரு துண்டை இடையிடையே எடுத்துக்கொள்ளலாம். லெவல் ஏறும்போது மீதியும் வந்து சேர்ந்துவிடும். விலைப் பட்டியல் என்ற பேச்சே இல்லை.

அடுத்த தவறு இதைவிட ஆழமானது. லெவல் என்ற எண்ணையே தூக்கிவிடுவது. "இனிமேல் லெவல் கிடையாது, எல்லாம் புள்ளிதான்" என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த எண்ணைத்தான் மற்ற பல விதிகள் திரும்பிப் பார்க்கின்றன. ஃபயர் போல்ட் மாதிரியான கேன்ட்ரிப்புகள் (எத்தனை முறை வேண்டுமானாலும் போடக்கூடிய சின்ன மந்திரங்கள்) கேரக்டரின் மொத்த லெவல் 5, 11, 17 ஆகும்போது வலுப்பெறுகின்றன. புரொஃபிஷியன்ஸி போனஸ் மொத்த லெவலைப் பார்த்து ஏறுகிறது. எத்தனை பூதங்களை இறக்கலாம் என்று டிஎம் பார்க்கிற அட்டவணையும் குழுவின் லெவலை வைத்தே எழுதப்பட்டது. அந்த எண் போய்விட்டால் ஒவ்வொரு வாரமும் ஒரு தகராறு புதிதாக முளைக்கும்.

வேலி இல்லாத கடையில் இன்னொன்றும் நடக்கும். பாலடின் (புனித வீரர்) வகுப்பின் டிவைன் ஸ்மைட் இரண்டாம் லெவல் திறன். ஃபைட்டரின் ஆக்‌ஷன் சர்ஜும் இரண்டாம் லெவல்தான். ஒருவரே பல வகுப்புகளில் லெவல் எடுக்கும் அதிகாரப்பூர்வ மல்டிகிளாஸ் விதிப்படி இவற்றை எடுக்க முழுசாக இரண்டு லெவல் செலவழிக்க வேண்டும், அதற்கேற்ற பண்புகளில் குறைந்தது 13 இருக்க வேண்டும், சொந்த வகுப்பின் மேல்நிலைத் திறன்கள் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். இந்தத் தள்ளிப்போதல்தான் உண்மையான விலை. துண்டு துண்டாக விற்கும்போது அது காணாமல் போகிறது. எல்லோரும் நாலு வகுப்புகளின் ஆரம்பத் திறன்களை மட்டும் பொறுக்கிக்கொள்வார்கள். இந்த ஓட்டையில் அதிகாரப்பூர்வ விதிகளே விழுந்ததுண்டு. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் ஒரு புதிய வகுப்பின் முதல் லெவலில், அதன் பலமான சேவிங் த்ரோவுக்கு 2 கிடைக்கும். ஃபைட்டர், பார்பேரியன், ரேஞ்சர் என்று தலா ஒரு லெவல் எடுத்தவருக்கு ஃபார்ட்டிட்யூட் (உடல் தாங்குதிறன்) சேவ் 6. நேர்மையாக மூன்று லெவலும் ஃபைட்டராகவே ஏறியவருக்கு 3.

ஆகவே லெவல் எண்ணை வேலியாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் லெவல் துண்டுகள் எல்லாவற்றையும் வாங்கி முடிக்கும் வரை ஆறாம் லெவல் துண்டில் கை வைக்க முடியாது. முடித்த அன்றுதான் அவர் ஐந்தாம் லெவல்; அதுவரை மற்ற எல்லா விதிக்கும் நாலு. வேறு வகுப்பில் ஆசைப்பட்டால் அந்த வகுப்பின் லெவலை முழுசாக எடுக்கட்டும்.

கேரக்டரை உருவாக்கும்போது ஒரு விலை, வளரும்போது வேறு விலை என்று வைப்பதும் பழைய தவறு. 1991-ல் வந்த வாம்பயர்: த மாஸ்கரேட் என்ற ஆட்டம் இதற்குத் தெளிவான உதாரணம். உருவாக்கும்போது கையில் தரப்படும் ஃப்ரீபீ புள்ளிகளில் ஒரு திறமையை எந்த அளவிலிருந்து ஏற்றினாலும் ஒரு படிக்கு 2 புள்ளிதான். ஆட்டம் தொடங்கியபின் இருக்கிற அளவை இரண்டால் பெருக்கி எக்ஸ்பி கொடுக்க வேண்டும். புதிய திறமை என்றால் 3. இப்போது இரண்டு பேர். ஒருவர் ஒரு திறமையில் 5, இன்னொன்றில் பூஜ்யம் என்று தொடங்கி, அந்தப் பூஜ்யத்தை ஒன்றாக்குகிறார்: 3 எக்ஸ்பி. மற்றவர் 4, 1 என்று சமமாகத் தொடங்கி நாலை ஐந்தாக்குகிறார்: 8 எக்ஸ்பி. கடைசியில் இரண்டு தாளிலும் இருப்பது 5, 1 தான். பல பக்கங்களும் உள்ள மனிதனாகக் கேரக்டரை யோசித்தவருக்கு விதி அபராதம் போட்டிருக்கிறது. ஹவுஸ் ரூல் எழுதும்போது இரண்டு இடத்திலும் ஒரே விலை என்று வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே கிடையாது.

வேறு ஆட்டத்திலிருந்து வளர்ச்சி விதியைக் கடன் வாங்குகிறவர்கள் பாதியை மட்டும் எடுத்துவருவதையும் சொல்ல வேண்டும். 1978-ன் ரூன்குவெஸ்ட்டும் 1981-ன் கால் ஆஃப் கதுலுவும் பயன்படுத்திய திறமையையே வளர்க்கும் ஆட்டங்கள். ஆட்டத்தில் ஒரு திறமை பலித்தால் பக்கத்தில் ஒரு டிக். சாகசம் முடிந்ததும் நூறுக்குப் பகடை உருட்டி, இருக்கும் அளவைத் தாண்டி விழுந்தால்தான் அது ஏறும். 30 இருப்பவருக்கு 70 சதவீத வாய்ப்பு, 80 இருப்பவருக்கு 20 தான். எத்தனை தடவை பலித்தாலும் கதுலுவில் டிக் ஒன்றே ஒன்று. இந்த இரண்டு கடிவாளமும் சேர்ந்துதான் அந்த முறையை நடத்துகின்றன. டி அண்ட் டி-க்குக் கொண்டுவரும்போது "பலித்தால் ஏறும்" என்பது மட்டும் வந்து சேர்கிறது. உடனே மேசையில், "டேய், அந்தப் பூட்டையும் நான் ஒரு தடவை ட்ரை பண்றேன்டா" என்று ஆளுக்கு ஆள் பகடையைத் தூக்குவார்கள். கடன் வாங்குவதானால் டிக்கின் வரம்பையும் சேர்த்து வாங்குங்கள். தோற்றால் எதையாவது இழக்க நேரும் இடத்தில் பலித்தால் மட்டுமே டிக் என்று இன்னொரு வரியும் சேர்த்துக்கொள்ளலாம்.

வராத ஆளுக்கு எக்ஸ்பி இல்லை, நன்றாக நடித்தவருக்குக் கூடுதல் எக்ஸ்பி என்பதை இந்த விதியோடு கலக்க வேண்டாம். இரவு ஷிஃப்ட்டால் வர முடியாதவர் சில மாதங்களில் ஒரு லெவல் பின்தங்கிவிடுவார். வாய் பேசத் தயங்குகிறவர் அதைவிடவும் பின்னால் போவார். எக்ஸ்பி குழுவுக்குப் பொதுவாக வரட்டும், செலவழிப்பது மட்டும் அவரவர் விருப்பம்.

கடையைத் திறக்கும் நேரமும் முக்கியம். ஆட்டத்தின் நடுவே வாங்க விட்டால் ஒருவர் தாளைப் புரட்ட, மற்றவர்கள் ஃபோனை எடுத்துவிடுவார்கள். அன்றைய ஆட்டம் முடிந்தபின் வாட்ஸப் குழுவில் வாங்கியதைப் போட்டுவிட்டால் போதும். தவறாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் வழி வையுங்கள், குறைந்தபட்சம் அந்த லெவல் முடியும் வரை. விதி புதிது என்பதால் எது பயன்படும் என்று யாருக்கும் முன்கூட்டியே தெரியாது.

அப்புறம், இதை முதல் லெவலிலிருந்தே தொடங்க வேண்டியதில்லை. இரண்டாம் லெவலுக்கு 300 எக்ஸ்பி, அங்கிருந்து மூன்றாவதுக்கு இன்னும் 600. ஓரிரு ஆட்டங்களிலேயே தாண்டிவிடுகிற தூரம், துண்டு போட அதில் எதுவும் இல்லை. ஐந்திலிருந்து ஆறுக்கு 7,500 தேவைப்படுகிறது. காத்திருப்பு நீளத் தொடங்குவது அங்கேதான். எக்ஸ்ட்ரா அட்டாக், ஃபயர்பால் போன்ற பெரிய தாவல்களும் அதற்குள் வந்து முடிந்திருக்கும். புதிதாக முயல்கிற குழுவுக்கு அந்த 7,500-ல் கடையைத் திறக்கச் சொல்வேன்.