ஓட்டு வீட்டு அட்டாலியில் ஈரம்: காரணம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அட்டாலியில், அதாவது கூரைக்கு அடியில் உள்ள பரணில், ஈரக்கறை தெரிந்ததும் அதற்கு நேர் மேலே இருக்கும் ஓட்டை மாற்றிவிடுவார்கள். அடுத்த மழைக்கும் அதே இடத்தில் சொட்டும். சீமை ஓட்டுக்குள் புகுந்த தண்ணீர் நேராகக் கீழே விழாது. ஓட்டைத் தாங்கும் குறுக்குப் பட்டையான ரீப்பரின் அடிப்பக்கத்தைப் பிடித்து ஓடி, அதற்குக் கீழே சரிவாகப் போகும் சட்டத்தில் இறங்கி, ஆணியோ மரக்கணுவோ தடுக்கும் இடத்தில்தான் சொட்டும். புகுந்த இடம் நாலைந்து அடி மேலே இருக்கலாம். எனவே கறையிலிருந்து சரிவில் மேல்நோக்கித்தான் தேட வேண்டும்.

நல்ல வெயில் நேரத்தில் மெயினை அணைத்துவிட்டு ஏறுங்கள்; நனைந்த வயர் உயிரை வாங்கும். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் ஆகும். பிறகு வெளிச்சம் ஊசிமுனையாகத் தெரியும் இடங்களில் சாக்பீஸால் குறியிடுங்கள். ஓட்டின் மேல் ஓடு படியும் ஓரத்தில் சிறிது வெளிச்சம் வருவது இயல்புதான். நடு ஓட்டில் தெரிந்தால் விரிசல். அடுத்து டார்ச்சை மரத்தோடு ஒட்டிச் சாய்த்து அடித்தால், தண்ணீர் ஓடிய கருந்தடம் மேலே எங்கே தொடங்குகிறது என்று தெரியும்.

எந்த மழையில் ஒழுகுகிறது என்று கவனிக்காமல் விடுவது இன்னும் பெரிய தவறு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேற்குக் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் சாரலை ஓட்டுக்கு அடியில் தள்ளிவிடும். அப்போது மேற்குச் சரிவு மட்டும் நனைந்தால் உடைந்த ஓட்டைத் தேடிப் பயனில்லை. ஓடு நகர்ந்திருக்கும், அல்லது சரிவு போதாது. ஓரடிக்கு ஆறு அங்குலமாவது ஏற்றம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகைக் கனமழையில் மட்டும் ஒழுகினால் முதலில் கூடல்வாயைப் பாருங்கள்.

இரண்டு சரிவுகள் உள்மூலையில் சேரும் இடம்தான் கூடல்வாய். தொட்டிக்கட்டு வீட்டில் முற்றத்தைச் சுற்றி நாலு இருக்கும். கூரையின் பெரும்பகுதித் தண்ணீர் அவற்றில்தான் இறங்குகிறது. தென்னஞ்சருகும் வேப்பிலையும் அங்கே அடைத்தால் தண்ணீர் எதிர்த்தேறி, கூடல்வாயில் பதித்த தகடு முடியும் ஓரத்தைத் தாண்டி உள்ளே வழியும். மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்தும் சொட்டுவது பெரும்பாலும் இதனால்தான். குப்பையை அள்ளிவிட்டுத் தகட்டையும் பாருங்கள். ஈரச்சருகு கிடந்த இடத்தில் துரு ஏறிப் பொடித்துளை விழுந்திருக்கும். புதுத் தகடு போட்டால் இருபுறமும் ஓட்டுக்கு அடியில் ஆறு அங்குலமாவது போக வேண்டும்.

இதற்குப் பிறகும் பிடிபடவில்லையென்றால் ஹோஸ் வைத்துச் சோதிக்கலாம். முகட்டிலிருந்து தொடங்கினால் கூரை முழுவதும் நனைந்து எதுவும் தெரியாமல் போய்விடும். தாழ்வாரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பகுதிக்கும் பத்துப் பதினைந்து நிமிடம், அழுத்தமில்லாமல் விடுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும். சொட்டு விழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

மழையே இல்லாமல், மார்கழி விடியலில் மட்டும் சொட்டுகிறதா? ஓட்டுக்குப் பதில் தகர ஷீட் போட்ட பகுதியில் இது நடக்கும். இரவில் ஷீட் குளிர்ந்து, அடுக்களை ஆவியும் உள்காற்றின் ஈரமும் அதன் அடியில் வேர்த்துவிடும். கசிவு ஓரிடத்தில் கோடாக வரும். வேர்ப்பு ஷீட் முழுக்கப் பரவலாக முத்து முத்தாக நிற்கும். இதற்குத் தார் பூசுவது வீண்செலவு. எதிரெதிர்ச் சுவர்களில் காற்றுத் துளை விட்டால் போதும்.

சரிசெய்யும்போது உள்பக்கமாகச் சிமெண்டோ சீலண்டோ அப்பாதீர்கள். தண்ணீர் மேலே நுழைந்துகொண்டேயிருக்கும், வெளியேற வழியின்றி ரீப்பரை உளுக்கச் செய்யும், கரையானுக்கும் இடம் கொடுக்கும். கண்ட கம்பெனி ஓட்டை நடுவில் செருகுவதும் ஆகாது. ஓடுகள் ஒன்றையொன்று கவ்வும் பள்ளமான காடி அச்சுக்கு அச்சு மாறுவதால் புது ஓடு பழையதோடு கவ்வாது. ஓட்டின் பின்புற முத்திரையைப் பார்த்து அதே ஓட்டை வாங்குங்கள்.

ஒழுகல் நின்றாலும் பழைய கறை மறையாது. அதையே புதுக் கசிவு என்று நினைத்து மறுபடி ஓட்டைப் பிரிப்பவர்கள் உண்டு. கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். அடுத்த கனமழை பெய்யும்போதே மெயினை அணைத்துவிட்டு அட்டாலியில் ஏறித் தொட்டுப் பாருங்கள். மரம் காய்ந்திருந்து, கறையும் கோட்டைத் தாண்டாமலிருந்தால் ஓட்டில் கைவைக்க வேண்டியதில்லை.