புதுசா கடை போடுதீங்களா, வெல வைக்கது இப்படித்தான்

பாளையங்கோட்டைல எங்க அப்பா ஆரம்பிச்ச மளிகக் கடைய இப்ப நான்தான் பாக்குதேன், புதுசா கடை போடுதவங்க எல்லாரும் வந்து கேக்கது, அண்ணாச்சி எதுக்கு எவ்ளோ லாபம் வைக்கணும்னுதான். அதுக்கு முன்னால அடக்க வெலைய ஒழுங்கா பிடிங்க, பில்லுல இருக்க வெலைதான் அடக்கம்னு நெனச்சுதான் பாதிப் பேரு கைய சுட்டுக்கிடுதாங்க.

கருப்பட்டிய எடுத்துக்கோங்க. உடன்குடிப் பக்கமிருந்து 10 கிலோ, கிலோ 300 ரூவான்னு வாங்குதீங்கன்னு வைங்க, வண்டிக்கூலி 50, ஆக 3050. ஐப்பசி மழைல அது கசிஞ்சு அடில ஒட்டிக்கிடும், ஒடச்சு நிறுக்கைல தூளா போகும், 300 கிராம் அப்படிப் போச்சுன்னா விக்கதுக்கு மிச்சம் 9.7 கிலோதான், வகுத்துப் பாத்தா கிலோ 314 ரூவா சொச்சம், இதான் நெச அடக்கம். 300 மேல 15 சதவீதம் வச்சு 345க்கு குடுத்தா கிலோவுக்கு நிக்கது 30 ரூவா, வித்த காசுல 9 சதவீதம் கூட தேறாது! வித்த காசுல 15 நிக்கணும்னா 314ஐ 0.85ஆல வகுங்க, 370 வரும். வாடகை, கரண்டு எல்லாம் அதுலருந்துதான் போகணும்.

பாக்கெட் சாமான்ல இந்த வேல கெடையாது, எம்ஆர்பிய கம்பெனி போட்டுருது, ஜிஎஸ்டியும் அதுக்குள்ளயே அடங்கிரும். 40 ரூவா சோப்பு உங்களுக்கு 36க்கு வந்தா எம்ஆர்பில லாபம் 10 சதவீதம், போட்ட மொதலுக்கு 11, சேல்ஸ்மேன் எத சொல்லுதாருன்னு கேட்டுக்கோங்க. 12 வாங்கினா 1 ஃப்ரீன்னா அடக்கம் 33 ரூவா சொச்சத்துக்கு எறங்கும், ஆனா வேகமா ஓடுத சரக்குக்கு மட்டும் ஸ்கீம் எடுங்க, ஓடாதத எடுத்தா காசு அலமாரில தூங்கும். வாரம் ரெண்டு தடவ மொதல் திரும்புத சோப்புக்கு 4 ரூவா போதும், மாசக்கணக்கா கெடக்க சாமானுக்கு அது பத்தாது.

எம்ஆர்பிக்கு கொறச்சு தாராளமா விக்கலாம், கூட ஒரு ரூவா வாங்கக்கூடாது. கூல்ட்ரிங்க்ஸுக்கு ஃப்ரிட்ஜ் சார்ஜுன்னு ரெண்டு ரூவா சேத்து வாங்குதது தப்பு, நுகர்வோர் உதவி நம்பர் 1915க்கு போன் போட்டு புகார் குடுக்கலாம், ஆளுங்களுக்கு இது தெரியும்.

சரக்கு எறங்குன அன்னைக்கே கூலியெல்லாம் சேத்த அடக்கத்த பெட்டி மேல பென்சில்ல எழுதிருங்க, நாளைக்குன்னு விட்டா மறந்துரும்.