தலைப்பு எழுத்துருவைக் கையால் வரைதல்: தொடக்க நிலையினருக்கான செய்முறை

நூல் அட்டை, கடைப் பெயர்ப்பலகை, திருமண அழைப்பிதழ் போன்றவற்றில் ஓரிரு சொற்களைப் பெரிதாகக் காட்டுவதற்கென்றே வரையப்படுவது தலைப்பு எழுத்துரு. நீண்ட பத்தியில் கண்ணை உறுத்தும் தடிமனும் சாய்வும் இங்கே எழுத்தின் குணமாகிவிடுகின்றன. ஒரு நூல் அட்டைக்காக ‘பனங்காடு’ என்ற சொல்லை வரைந்து பழகுவோம்.

முதலில், கட்டத் தாளில் 5 செ.மீ. இடைவெளி விட்டு மேல்கோடும் அடிக்கோடும் இழுத்துக்கொண்டு, எழுத்தின் தடிமனை 1 செ.மீ. என வைத்துக்கொள்ளுங்கள். கோடுகளின் முனை எப்படி முடிய வேண்டும் என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். பனங்காட்டுக்கு நான் கூர்முனையையே தேர்ந்தெடுப்பேன். பனையோலை நுனி அப்படித்தான் இருக்கும்.

அடுத்து ‘ப’வை வரையுங்கள். நிற்கும் கோடும் படுத்த கோடும் ஒரே தடிமனில் இருந்தால் படுத்த கோடே கண்ணுக்குத் தடித்துத் தெரியும் என்பதால், அடிக்கோட்டுப் பகுதியை 9 மி.மீ. ஆகக் குறைத்துவிடுங்கள்.

பெரும் சோதனை ‘ன’வில்தான். இரண்டு சுழி ‘ன’வின் சுழியை 1 செ.மீ. தடிமனிலேயே இழுத்த என் முதல் முயற்சியில் உள்ளிருக்கும் வெற்றிடம் முழுவதும் மையால் அடைபட்டு, தள்ளி நின்று பார்த்தபோது கறுப்புப் பொட்டாகவே தெரிந்தது. சுழியில் மட்டும் கோட்டை 6 மி.மீ. வரை மெலியவிட்டு, எழுத்தைச் சற்று அகலப்படுத்தினால் உள்ளே வெளிச்சம் கிடைக்கும். வளைவின் உச்சி மேல்கோட்டை 1 மி.மீ. தாண்டட்டும், கோட்டோடு நின்றால் ‘ப’வைவிடக் குட்டையாகத் தோன்றும். மூன்று சுழி ‘ண’வுக்கு இதே வைத்தியம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும்.

‘ங்’ எழுத்தின் புள்ளியை வட்டமாக வைப்பதா, சாய்சதுரமாக வைப்பதா என்பது உங்கள் விருப்பம். ஆனால் எல்லா மெய்யெழுத்துகளிலும் அதே புள்ளிதான் வர வேண்டும். ‘டு’வில் அடிக்கோடு வலப்புறம் மேலெழுந்து வளையும்போது, அந்த வளைவு ‘ட’வின் வெற்றிடத்தை நிரப்பிச் சொல்லுக்கு நல்ல முடிப்பைத் தரும்.

பின்னர் தாளைத் தலைகீழாகத் திருப்பி, பத்தடி தள்ளி நின்று எழுத்து இடைவெளிகளைச் சரிபார்த்து, 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்யுங்கள். வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் கோட்டுருவாக (எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத வெக்டர் வடிவமாக) மாற்றி, எழுத்துரு உருவாக்கும் ஃபான்ட்ஃபோர்ஜில் சேர்க்கலாம். இரண்டும் இலவச மென்பொருள்களே.

முழு எழுத்துருவாக விரிக்க 247 எழுத்துகளையும் வரைய வேண்டியதில்லை. ஆ, எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ வரிசைகளின் 126 உயிர்மெய்களும் கால், கொம்பு முதலிய 5 துணைக்குறிகளால் அமைந்துவிடுவதால், 121 வடிவங்களும் அந்த 5 குறிகளும் போதும். இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளைத்தான் தனித்தனியே வரைய வேண்டும்.

இறுதியாக, ‘பனங்காடு’ என்பதை 48, 36, 24, 18 புள்ளி (பாயின்ட்) அளவுகளில் அச்சிட்டு, ‘ன’வின் சுழி எந்த அளவில் அடைபடுகிறதோ அதற்கு முந்தைய அளவையே பயன்பாட்டின் கீழ் எல்லையாகக் குறித்துவையுங்கள்.